பேருந்துக்கென்று ஒரு சட்டம்



‘மாநிலப் போக்குவரத்துக் கொள்கையும் சட்டச் சீர்திருத்தமும்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். மேம்பாலம், எட்டு வழிச் சாலை, மெட்ரோ, மின்சாரக் கார் என்று இந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம். நான் பேருந்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 20,000 அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அவற்றை நம்பிப் பிழைக்கிறார்கள். நாள்தோறும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பயணங்கள் அவற்றில் நடக்கின்றன. இத்தனை பெரிய ஏற்பாட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். காலை ஏழே முக்காலுக்கு உங்கள் ஊருக்கு வர வேண்டிய பேருந்து நாளைக்கு வரவில்லை என்றால், நீங்கள் எந்தச் சட்டத்தைக் காட்டி, யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பெர்மிட் நிபந்தனையை மீறியதாக யாராவது வாதிடலாம். ஆனால் பெர்மிட் என்பது போக்குவரத்துத் துறைக்கும் வண்டிக்காரருக்கும் இடையில் உள்ள சங்கதி. நிறுத்தத்தில் காத்து நிற்கிற உங்களுக்கு அதில் இடமில்லை. ரேஷன் அரிசிக்குச் சட்டம் இருக்கிறது. நூறு நாள் வேலை என்ற உரிமையைச் சட்டம் போட்டுத்தான் வாங்கினோம். பள்ளிக்கூடத்துக்குச் சட்டம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்விடும் பேருந்து இன்ன ஊருக்கு இத்தனை முறை வந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் மட்டும் இல்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையே இன்று பேச வந்திருக்கிறேன்.

சட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு.

சென்னை நகரத்துப் பேருந்துகள் சுதந்திரம் வந்த காலத்திலேயே அரசின் கைக்கு வந்துவிட்டன. மற்ற ஊர்களில் 1970 வரைக்கும் பேருந்து என்றால் பெரும்பாலும் தனியார் பேருந்துதான். மதுரைப் பக்கத்தில் டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. அந்த ஒழுங்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பஸ் முதலாளி லாபம் உள்ள சாலையில் ஓட்டுவார். லாபம் இல்லாத மேட்டுக்காட்டு ஊருக்கு அவர் ஏன் வர வேண்டும்? 1971இல் தமிழ்நாடு சட்டப்பேரவை பெரிய பஸ் கம்பெனிகளின் வண்டிகளை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. மறு ஆண்டே மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் வந்துவிட்டன. அன்றைக்கு வாகன உற்பத்தி இருந்த நிலையையும், அரசாங்கத்தின் வருமானம் இருந்த நிலையையும் நினைத்துப் பார்த்தால் இது சாதாரண வேகம் இல்லை.

1973இல் அடுத்த சட்டம் வந்தது. மற்ற தனியார் பேருந்துகளையும் படிப்படியாக எடுத்துக்கொள்வது அதன் நோக்கம். வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1983இல், அபு கவூர் பாய் வழக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 39(பி) பிரிவு சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்குப் பயன்படும்படி பங்கிடப்பட வேண்டும் என்கிறது. பேருந்துகளும் அந்த வளத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தத் தீர்ப்பைச் சொத்துரிமை வழக்காகப் படிக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழ்நாட்டுப் பேருந்துக்காக இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வென்ற வாதம் அது. அதற்குப் பிறகும் எல்லாத் தனியார் பேருந்துகளையும் அரசு எடுத்துவிடவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அது வேறு விவாதம்.

இனி, சட்டம் இருந்தும் வேலை நடக்காத இரண்டாவது கதைக்கு வருகிறேன்.

சென்னையில் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் தென்னக ரயில்வேயுடையவை. மெட்ரோ தனி நிறுவனம். சாலை சில இடத்தில் மாநகராட்சிக்கு, சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறைக்கு. சிக்னல் போலீஸின் கையில். ஆட்டோ பெர்மிட் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். இவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துத் திட்டமிட ஓர் அமைப்பு வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று சொன்னதும் அதே கொள்கைதான். அதன்படி 2010இல் நமது சட்டப்பேரவை சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்திரிகைகளில் ‘கும்டா’ என்று நீங்கள் படிப்பது அந்தக் குழுமத்தைத்தான்.

சட்டம் 2010இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டம் நிறைவேறிய வருடம் பிறந்த குழந்தை அதற்குள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டது. இடையில் மெட்ரோவின் முதல் கட்டம் முழுவதும் கட்டி முடித்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருங்கிணைப்பதற்காக வந்த அமைப்பு, ஒருங்கிணைக்க வேண்டிய வேலைகளில் பாதி முடிந்த பிறகு கூடியது.

ஒன்பது வருடம் அந்தச் சட்டம் எப்படித் தூங்க முடிந்தது? நமது சட்டங்களின் முதல் பிரிவைப் படியுங்கள். ‘அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் இது நடைமுறைக்கு வரும்’ என்று ஒரு வாசகத்தைப் பல சட்டங்களில் பார்ப்பீர்கள். அந்த நாளைக் குறிப்பிடாமல் ஓர் அரசு விட்டால், அடுத்த அரசும் விட்டால், சட்டப்பேரவையில் கை தூக்கி நிறைவேற்றியது வீண். ஆகவே நான் முன்வைக்கும் சட்டத்தில் அந்த வாசகம் இருக்கக் கூடாது. ஆளுநர் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 180ஆம் நாள் சட்டம் தானாக நடைமுறைக்கு வரும் என்று எழுத வேண்டும்.

ஆனால் தூங்கியது மட்டும் குறை என்று நான் நினைக்கவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிகளையும் பணிமனைகளையும் தொழிலாளர்களையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது. சொத்து கை மாறியதால் நிர்வாகமும் மறுநாளே கை மாறியாக வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பெட்டியின் சாவியையும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. எல்லோரும் உட்காருவதற்கு ஒரு மேசையைப் போட்டது. பட்ஜெட் அவரவரிடம், வண்டி அவரவரிடம், பொறியாளர்கள் அவரவரிடம். மேசைக்கு வந்து ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர் தன் அலுவலகத்தில் வேறு முடிவு எடுத்தால் தடுக்க முடியாது. அந்தக் குழுமத்தில் வேலை செய்கிற இளைஞர்கள் உழைக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியைப் பாருங்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட்டில் பயணம் போக முடிகிறது. நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். டிக்கெட்டை ஒன்றாக்க முடிந்தது. கால அட்டவணையையும் வழித்தடத்தையும் பணத்தையும் ஒன்றாக்க அதிகாரம் வேண்டும்.

அதிகாரம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கிளாம்பாக்கம் நம் கண்ணெதிரே இருக்கிறது. 88 ஏக்கரில் பெரிய பேருந்து முனையம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் கோயம்பேட்டுக்குப் பதில் அங்கே நிற்கும் என்றார்கள். முனையத்துக்கு எதிரிலேயே கடற்கரை-செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது. திறந்த நாளில் அங்கே ரயில் நிற்கவில்லை. நிற்க ஒரு ரயில் நிலையம் இருக்கவில்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் விடிகாலை நாலு மணிக்குத் திருநெல்வேலி வண்டியிலிருந்து இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தோளில் தூங்கும் குழந்தை. அப்பாவின் தலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை, கையில் கட்டைப்பை. பாட்டி வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி ‘இது மெட்ராஸா?’ என்பது. அவர்கள் போக வேண்டியது வியாசர்பாடி. ரயில் ஓடும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது, ஏறத்தான் வழியில்லை. ஆட்டோ கேட்கும் கட்டணம் திருநெல்வேலியிலிருந்து வந்த பேருந்துக் கட்டணத்தை எட்டிப்பிடிக்கும். மாநகரப் பேருந்துகள் விட்டார்கள், நிறையவே விட்டார்கள், தொழிலாளர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டினார்கள். இருந்தாலும் பேருந்து முனையத்தைத் திட்டமிட்ட அன்றே ரயில் நிலையத்தையும் திட்டமிட்டு, இரண்டையும் ஒரே நாளில் திறக்கச் செய்யும் அதிகாரம் யாரிடமும் இருக்கவில்லை. பறக்கும் ரயிலின் கதையும் இதேதான். வேளச்சேரி வரைக்கும் 2007இல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய வேலை ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்தாண்டுக்கும் மேல் நின்றது. தூண்கள் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

சென்னையை இத்தோடு விடுகிறேன். சென்னைக்கு அப்பால்தான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி இருக்கிறது.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு செய்தி. கேரளத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் அரசுப் பேருந்துகளை நடத்துபவை 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின் கீழ் உருவான கழகங்கள். நம்முடையவை அப்படி இல்லை. பெயரில் ‘கழகம்’ இருக்கிறது, சட்டப்படி அவை கம்பெனிகள். சோப்பு செய்கிற கம்பெனி எந்தச் சட்டத்தில் பதிவாகிறதோ அதே கம்பெனிச் சட்டம். ஆகவே அவற்றின் கணக்கும் அப்படித்தான் பார்க்கப்படுகிறது. பணிமனைக்குப் போனால் கிளை மேலாளர் மேசையில் இருக்கும் தாளில் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஓர் எண் இருக்கும்: ஒரு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை ரூபாய் கலெக்‌ஷன். அந்த எண் குறைந்த வழித்தடத்தின் மேல்தான் எப்போதும் கண். வண்டி பழுதானால், கண்டக்டர் லீவு போட்டால், திருவிழாவுக்கு ஸ்பெஷல் விட வேண்டி வந்தால், முதலில் வெட்டுப்படுவது அந்த வழித்தடத்துச் சிங்கிள், அதாவது ஒருவழி நடை. மேலாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் கேட்கிற கணக்கே அதுதான்.

2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு என்று அதில் இருந்தது. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியிருந்தது. பின்னால் மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தபோது, அந்தப் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு 888 ரூபாய் என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த 888 ரூபாய் கழகத்தின் வரவு செலவுக் கணக்கில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கம்பெனியின் ஏட்டில் 59 ரூபாய் 15 காசை எழுத இடம் உண்டு. 888 ரூபாயை எழுத இடம் இல்லை. புதிய சட்டம் திறக்க வேண்டிய முதல் ஏடு இதுதான்.

சட்டத்தில் நான் கேட்பது இது. பேருந்து இயக்கம் ஒரு பொதுச் சேவை என்று பிரகடனம் செய்ய வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை நடை என்று அரசு தீர்மானித்து, அந்தச் சேவையைக் கழகத்திடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டும். கலெக்‌ஷன் குறைவான வழித்தடத்தில் ஓடுவதால் வரும் பற்றாக்குறையை ‘இழப்பு’ என்று எழுதக் கூடாது. அரசு கொடுக்க வேண்டிய சேவைக் கட்டணம் என்று எழுத வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கேட்காமலே, கழகத்தின் கணக்கில் வந்து சேர வேண்டும். பெண்கள் பயணத்துக்கு அரசு பணம் கொடுக்கத்தான் செய்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது இன்று அரசின் நல்லெண்ணத்தில் நிற்கிறது. நல்லெண்ணம் உள்ள அரசு இருக்கும்போதே அதைச் சட்டமாக்கிவிட வேண்டும்.

கட்டணமும் அப்படித்தான். 2011 நவம்பரில் கட்டணத்தை உயர்த்தினார்கள். அதன் பிறகு ஆறு வருடம் தொடவில்லை. டீசல் ஏறியது, சம்பளம் ஏறியது, கட்டணம் மட்டும் ஏறவில்லை. 2018 ஜனவரியில் ஒரே ராத்திரியில் கிலோமீட்டருக்கு 42 காசு 60 காசு ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாளில் 58 காசாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு மறுபடியும் வருடக்கணக்கில் மௌனம். தேர்தலுக்குப் பயந்து தொடாமல் இருப்பதும், கஜானா காய்ந்தபோது ஒரே அடியாக அடிப்பதும் கொள்கை ஆகாது. மின்சாரத்துக்கு ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருப்பதுபோல் பேருந்துக்கும் வேண்டும். அது வருடா வருடம் கணக்கை வெளியிட்டு, மக்களைக் கூப்பிட்டு விசாரித்து, கட்டணம் ஏற வேண்டுமா, அல்லது வித்தியாசத்தை அரசு கொடுக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டும். அரசு ‘கட்டணத்தை ஏற்ற வேண்டாம்’ என்று முடிவு செய்யலாம். அந்த உரிமை அதற்கு உண்டு. அப்படி முடிவு செய்த அன்றே வித்தியாசத் தொகையையும் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்காவிட்டால் அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது தெரியுமா? ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களைக் கேளுங்கள். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து, முதுகெலும்பு தேய்ந்து ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடையும் வைப்புநிதியும் கையில் வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆனது. ஓய்வூதியர்கள் அகவிலைப்படிக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். 2024 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால் நடந்த வேலைநிறுத்தத்தில் இந்தக் கோரிக்கைகள்தான் முன்னால் நின்றன. மகளின் கல்யாணத்துக்கு என்று நம்பியிருந்த பணம், டீசல் பில்லுக்கும் டயருக்கும் போய்விடுகிற நிர்வாகம் ஒழிய வேண்டும். தொழிலாளரின் ஓய்வுகாலப் பணத்தைத் தனி அறக்கட்டளையில் பிரித்து வைப்பதும், அதைத் தொட்டால் நிர்வாக இயக்குநர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவதும் சட்டத்தில் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பிரான்ஸில் 1971இல் பாரிஸ் வட்டாரத்துக்கு ஒரு சட்டம் செய்தார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனங்கள் சம்பளச் செலவின்மேல் ஒரு சிறு விகிதத்தைப் பொதுப் போக்குவரத்துக்காகக் கட்ட வேண்டும். உன் தொழிற்சாலைக்கு ஆள் நேரத்துக்கு வந்து சேர்வது பேருந்தால், ஆகவே நீயும் கொடு என்பது அதன் நியாயம். 1973இலிருந்து மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. 1982இல் இன்னொரு படி மேலே போய், போக்குவரத்து குடிமக்களின் உரிமை என்றே சட்டத்தில் எழுதினார்கள். முதலில் பணத்துக்கு வழி செய்தார்கள், பிறகு உரிமையை எழுதினார்கள். அதனால் அந்த உரிமை வெறும் தாளாக நின்றுவிடவில்லை. திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எத்தனை கம்பெனிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மோட்டார் வாகன வரியில் ஒரு நிச்சயமான பங்கு, மெட்ரோ நிலையங்களைச் சுற்றி ஏறுகிற நில மதிப்பில் ஒரு பங்கு, பெரிய நிறுவனங்களின் பங்களிப்பு. இந்த மூன்றும் வேறு எதற்கும் திருப்ப முடியாத ஒரு நிதியில் சேர வேண்டும்.

இனி கிராமத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பலர் ஹால்ட் பஸ் தெரிந்தவர்கள். ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசி சிங்கிள் ஊருக்குள் வந்து கோயில் வாசலில் நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு வண்டியிலேயே படுப்பார்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் வரும், குழம்பும் வரும். விடிகாலை ஐந்தேகாலுக்கு எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் ஊர் எழுந்திருக்கும். முதல் சிங்கிளில் மல்லிகைக் கூடை ஏறும், கீரைக்கட்டு ஏறும், பால் கேன் ஏறும். தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஈரத்தலையோடு ஏறுவார்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டிய பெரியவர் முன் சீட்டில் உட்காருவார். ஒருநாள் அறிவிப்பு இல்லாமல் ஹால்ட் ரத்தாகும். முதல் வண்டி ஏழரைக்குத்தான் என்றாகும். மல்லிகை ஏழரைக்குக் கிளம்பினால் மார்க்கெட்டில் விலை விழுந்திருக்கும். தையல் கம்பெனி வாசலில் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். ஆறு மாதத்தில் அந்த ஊரில் கடன் வாங்கிய டூ வீலர்கள் ஏறும். டூ வீலர் வாங்க முடியாத வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவாள். வழித்தடத்தில் கூட்டமே இல்லை என்று பிறகு ஒரு கணக்கு வரும், மிச்சமிருக்கும் நடையையும் எடுப்பதற்கு.

ஆகவே சட்டத்தில் குறைந்தபட்சச் சேவை என்று ஓர் அட்டவணை வேண்டும். இத்தனை மக்கள்தொகை உள்ள ஊருக்கு இத்தனை நடை, முதல் வண்டி இன்ன நேரத்துக்குள், கடைசி வண்டி இன்ன நேரத்துக்குப் பிறகு. ஒரு நடையை நிரந்தரமாக எடுக்க வேண்டுமானால் முப்பது நாள் முன்னால் ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அன்றாடம் ரத்தான சிங்கிள்களின் பட்டியல் பணிமனை வாசலில் ஒட்டப்பட வேண்டும். மினி பஸ்ஸும் இதற்குள் வர வேண்டும். 1997இல் கலைஞர் ஆட்சியில் வந்த மினி பஸ் திட்டம் பல குக்கிராமங்களுக்கு முதல் பேருந்தைக் காட்டியது. 2025 ஜூனில் புதுத் திட்டம் தொடங்கியது. அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 விழுக்காடாவது இதுவரை பேருந்தே போகாத சாலையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனை. அந்தப் பேருந்து போகாத பகுதியில் வண்டி உண்மையில் தினமும் போகிறதா, அல்லது கூட்டம் உள்ள மெயின் ரோட்டிலேயே சுற்றுகிறதா என்று பார்க்க ஜி.பி.எஸ். இருக்கிறது. அந்தத் தகவலை ஊர்மக்களுக்குத் திறந்துவிடச் சட்டம் வேண்டும்.

படி உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர். முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை முதல் படியில் வைத்து, பின்னால் நிற்பவர் தாங்க, முன்னால் கண்டக்டர் கையைப் பிடித்து இழுக்க ஏறுவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த 500 மில்லிமீட்டர்தான் அவளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அப்படி ஏறும் வழியும் இல்லை. அவர் ஏறவே முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடியதால்தான் 2024இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளம்தான். இனி வாங்கும் ஒவ்வொரு நகரப் பேருந்தும் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டால், ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு வழக்குப் போட வேண்டியதில்லை.

ஆட்டோக்காரர்களை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தை எழுதக் கூடாது. மீட்டர் கட்டணத்தை அரசு கடைசியாக நிர்ணயித்தது 2013இல், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இத்தனை வருடம் கழித்தும் அதே மீட்டரைப் போடு என்று சொன்னால் அவர் எப்படிப் போடுவார்? பேருந்துக்குக் கேட்கும் அந்த ஆணையமே ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் சொல்லட்டும்.

மாநிலத்துக்கு இதற்கு அதிகாரம் உண்டா என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் வந்ததுமே கேட்டார். மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றத்துடையது. அதோடு முரண்படும் பிரிவு இருந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ரயில்வே முழுக்க ஒன்றியத்தின் கையில். தென்னக ரயில்வேக்கு மாநிலச் சட்டம் கட்டளையிட முடியாது, ஒப்பந்தம் மட்டும்தான் போடலாம். ஆனால் நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை பெர்மிட்டைத் தொடுபவை அல்ல. மாநிலம் தன் பணத்தை எப்படிக் கொடுக்கும், தன் கழகங்களை எப்படி நடத்தும், தன் ஊராட்சிகளிடம் எப்படிக் கேட்கும் என்பவை அவை. சாலையும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தன் வீட்டுக் கணக்கைத் திருத்த மாநிலம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தீர்மானம் போட்டால் போதாதா, சட்டம் எதற்கு என்று இன்னொரு கேள்வி. சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடுவது என்பது அது. இந்தியாவிலேயே முன்னோடியான கொள்கை. அதன் விளைவாகப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, இன்னும் சில தெருக்களிலும் வந்தது. மற்ற தெருக்களில் நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும் நிறுத்திய வண்டிகளும் இருக்கின்றன, மனிதர்கள் சாலையில் நடக்கிறார்கள். 60 விழுக்காடு செலவாகவில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது, அது கொள்கை.

இந்தச் சட்டத்தின் வரைவு தமிழில் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி இணையதளத்தில் ஏற்றி, பதினைந்து நாளில் கருத்துச் சொல் என்றால் மல்லிகைக் கூடைக்காரர் எப்படிச் சொல்வார்? நமது மாநிலத்தில் கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரைவை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கிராம சபைக்கு முன்னால் உங்கள் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து, ஊருக்கு எத்தனை நடை வருகிறது, பத்து வருடம் முன்னால் எத்தனை வந்தது, முதல் வண்டி எத்தனை மணிக்கு வேண்டும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பணிமனைத் தோழர்கள் பழைய கால அட்டவணையைத் தேடி எடுத்துத் தருவார்கள், இப்போதே தலையாட்டுகிறார்கள். அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடும் தேதியோடும் மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒரு நகலை இந்தக் கூட்டம் நடக்கும் நூலகத்தில் கொடுத்தால், மாவட்டம் முழுவதிலிருந்தும் வரும் தாள்களை ஒரே கோப்பாகத் தொகுத்துச் சட்டப்பேரவை மனுக்கள் குழுவிடம் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேட்கட்டும்.